வாய்க்கும் மைக்குக்கும் எத்தனை சாண்? வ்லாக் கேமராவுக்கு மைக் வாங்கும் முன் ஒரு கணக்கு

"மாமா, போயா வாங்கட்டுமா, ரோட் வாங்கட்டுமா?" என்றான் அக்கா மகன்.

"நீ எங்கே நின்னு பேசப்போறே?" என்று கேட்டேன். பிராண்டைக் கேட்டால் இடத்தைக் கேட்கிறாரே என்று முழித்தான்.

வேலூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். முகூர்த்தம் இல்லாத மாதங்களில், யூடியூப் சேனல் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு எடிட் செய்து கொடுப்பேன். கேமராவுக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று போட்டிருப்பார்கள். படம் பளிச்சென்று இருக்கும். பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆம்பூர் பிரியாணிக் கடையில் எடுத்த வீடியோ ஒன்று வந்தது. தேக்சா மூடியை இழுக்கும் சத்தம், பார்சல் கட்டுபவர் கத்துவது, ஹைவேயில் லாரி போவது எல்லாம் அட்சர சுத்தமாகக் கேட்டன. பேசியவர் என்ன சொன்னார் என்பது மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் அந்தப் பையனை என் அறைக்கு வரச் சொல்லி, போர்வையைத் தலைக்கு மேல் போர்த்தி, முழுவதையும் மறுபடி பேச வைத்தேன். அது நாற்பதாயிரம் ரூபாய் கேமரா.

பத்தாயிரத்துக்குள் என்ன வாங்குவது என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

## முதலில் சாண் கணக்கு

மைக் வாயிலிருந்து விலக விலக, அதற்குப் போய்ச் சேரும் குரல் மளமளவென்று இறங்கும். தூரம் இரண்டு மடங்கானால் குரலின் வலு நான்கில் ஒரு பங்கு. சத்த அளவில் சொன்னால் ஆறு டெசிபல் குறைவு. நம் கையால் அளந்தே பார்க்கலாம். சட்டைக் காலரில் மாட்டிய மைக் வாயிலிருந்து ஒரு சாண். கையை நீட்டிக் கேமராவைப் பிடித்தால் மூன்று சாண். ஸ்டாண்டில் வைத்துத் தள்ளி நின்றால் எட்டுச் சாண், அதாவது ஆறடி. ஒரு சாணில் கிடைக்கும் குரலில் எட்டாவது சாணில் மிஞ்சுவது 64-ல் ஒரு பங்கு. ஆனால் ஃபேன் சத்தமும் ரோட்டுச் சத்தமும் எங்கிருந்து கேட்டாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். குரல் மட்டும் அமுங்கிவிடுகிறது.

பதினைந்தாயிரம் ரூபாய் மைக்கை எட்டுச் சாணில் வைத்து, எழுநூறு ரூபாய் மைக்கை ஒரு சாணில் வைத்தால், வீட்டுக்குள் எழுநூறு ரூபாய்தான் ஜெயிக்கும். நான் வைத்துப் பார்த்துவிட்டேன். அதனால்தான் அக்கா மகனிடம் இடத்தைக் கேட்டேன்.

## கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

கேமராவில் மைக் துளை இருக்கிறதா? சிரிக்காதீர்கள். மைக்கை வாங்கி வந்து கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர்கள் உண்டு. கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டிலும் மைக் துளையே கிடையாது. கேனான் 200டி, எம்50, சோனி இசட்வி-1, இசட்வி-இ10 ஆகியவற்றில் உண்டு. துளை இல்லாதவர்கள் நேராகக் கீழே நான்காவது வழிக்குப் போகலாம்.

பின்னில் எத்தனை கோடு? கேமராவுக்கு வேண்டியது இரண்டு கறுப்புக் கோடு உள்ள 3.5 எம்.எம். பின். மூன்று கோடு இருந்தால் அது செல்போன் பின். மாற்றிச் சொருகினால் சத்தமே வராது, அல்லது ஒரு காதில் மட்டும் வரும். மைக் கெட்டுப்போச்சு என்று என்னிடம் வருவதில் பாதி இந்தக் கேஸ்தான்.

பதிவாவதை அப்போதே கேட்க முடியுமா? இசட்வி-இ10-ல் ஹெட்போன் துளை தனியாக இருக்கிறது. 200டி, எம்50, இசட்வி-1 ஆகியவற்றில் இல்லை. துளை இல்லாத கேமராவில் மைக் செத்துப்போனாலும் வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

காற்று, கூட்டம், ஆள் எண்ணிக்கை. ஏலகிரி மேலே நின்று பேசுகிறீர்களா, லாங்கு பஜாரில் நடந்துகொண்டே பேசுகிறீர்களா, வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிறீர்களா? தனியாகவா, இரண்டு பேரா?

மொத்தச் செலவு. பெட்டியின் மேல் போட்டிருக்கும் விலை பாதிக் கதைதான். காற்றைத் தடுக்க மைக் தலையில் மாட்டும் முடி உறை, பேட்டரி, மாற்றுப் பின், ஒயர் எல்லாம் பின்னாலேயே வரும்.

## 1. ஒயர் காலர் மைக்

எழுநூறிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பது. போயா எம்1 என்றால் தெரியாத பையன் இல்லை. ஆறு மீட்டர் ஒயர், காலரில் மாட்டும் கிளிப், தலையில் சின்னப் பஞ்சு. எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் வாங்கும் வகைதான். ஆனாலும் ஒரு சாணில் இருப்பதால் குரல் முந்திக்கொள்ளும். மூன்று கோட்டுப் பின்தான் என்றாலும் அதிலுள்ள சின்னச் சுவிட்சைக் கேமரா பக்கம் தள்ளினால் கேமராவில் வேலை செய்யும். அதற்குள் எல்ஆர்44 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று வேண்டும்.

அந்தப் பொத்தான் பேட்டரியிடம் நான் பட்டது தனிக் கதை. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுத்தேன். தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினார். அவ்வளவு சத்தத்திலும் காலர் மைக் அவர் குரலை அழகாக எடுத்தது. பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. அதன் பிறகு வெறும் உஸ்ஸென்ற இரைச்சல்தான். முந்தின இரவு சுவிட்சைக் கேமரா பக்கமே விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். விடிய விடிய பேட்டரி தீர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. என் கேமராவில் ஹெட்போன் துளையும் இல்லை. பெரியவர் தன் அப்பா முதல் தறி போட்ட கதையைச் சொன்னது பதிமூன்றாவது நிமிடத்திலிருந்து. மறுபடி கேட்டேன். சொன்னார். ஆனால் முதல் தடவை சொன்ன மாதிரி வரவில்லை.

துணி உரசல் இன்னொரு வில்லன். கஞ்சி போட்ட காட்டன் சட்டை, ஆரணிப் பட்டு, இவை இரண்டும் மைக்கில் பட்டால் சருகு மிதிப்பது போலக் கேட்கும். பெண்கள் பேசும்போது தாலிச் சரடு வந்து மோதும். கிளிப்புக்குக் கீழே ஒயரை ஒரு சின்னச் சுற்றுச் சுற்றி, மைக்ரோபோர் டேப்பால் துணியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வேலூரில் மருந்துக் கடைக்கா பஞ்சம்? ஒரு சுருள் வாங்கினால் வருஷம் ஓடும்.

*கூடச் செலவு:* பேட்டரி இரண்டு மூன்று, காலர் மைக்குக்கான குட்டி முடி உறை, டேப். எல்லாம் சேர்த்து இருநூறு முந்நூறு.

*எப்போது இதுவே போதும்:* உட்கார்ந்து பேசும் வீடியோ, சமையல், பாடம் நடத்துவது, ஒரே ஆள் பேட்டி. *எப்போது வேண்டாம்:* நடந்துகொண்டே பேசுவதற்கு. ஒயர் காலில் மாட்டி ஸ்டாண்டோடு கேமரா சாய்ந்தால் மிச்சம் பிடித்த காசு போதாது.

## 2. கேமரா தலையில் மாட்டும் மைக்

வ்லாக் என்றாலே கண்ணுக்கு வருவது இந்த முடி வைத்த குட்டி மைக்தான். போயா எம்எம்1 ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரத்தில் கிடைக்கும். ரோட் வீடியோமைக்ரோ அதைவிட இரண்டு மூன்று மடங்கு. இரண்டுக்குமே பேட்டரி கிடையாது. கேமரா துளை வழியாக வரும் சின்ன மின்சாரத்திலேயே ஓடும். மறந்துபோக எதுவும் இல்லை என்பது இதன் பெரிய குணம். எம்எம்1 பெட்டியில் கேமராவுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என இரண்டு ஒயரும் முடி உறையும் வரும்.

முன்னால் இருப்பதை அதிகமாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் வாங்கும் வகை இது. இதை வைத்துத்தான் விளையாட வேண்டும். லாங்கு பஜாரில் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? தங்களுக்குப் பின்னால் பஜார் தெரிய வேண்டும் என்று கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். மைக் அவர்களைப் பார்க்கிறது. அவர்களுக்குப் பின்னாலிருக்கும் ஆட்டோ ஹாரனையும், வெங்காய வண்டி ஸ்பீக்கரையும் சேர்த்தே பார்க்கிறது. பேசும் இடங்களில் மட்டும் மூடிய ஷட்டர் ஒன்றில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். ரோடு கேமராவுக்குப் பின்னால் போய்விடும். பஜாரைத் தனியாக எடுத்து நடுவில் செருகிக்கொள்ளலாம்.

மூன்று சாணுக்குள் இருக்கும்வரைதான் இதன் ராஜ்ஜியம். ஸ்டாண்டில் வைத்துத் தள்ளிப் போனால் கேமராவிலேயே இருக்கும் மைக்கைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். தரையில் டைல்ஸும் சுவரில் வெறும் பெயின்டும் உள்ள அறையில் எக்கோவைச் சேர்த்துக் கொண்டுவரும்.

காற்றுக்கு முடி உறை கட்டாயம். பாலாற்று மணலில் சாயங்காலம் நின்று வெறும் பஞ்சோடு பேசிப் பாருங்கள், லாரி டயர் வெடித்த மாதிரி தட்டும். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், உறையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் கைக்குட்டையைச் சுற்றிச் சமாளித்திருக்கிறார்கள். சமாளிப்பு என்றுதான் அதைச் சொல்ல முடியும்.

திரையையும் பாருங்கள். சோனி ஏ6400 போல மேல்நோக்கி மடங்கும் திரை என்றால் தலையில் மைக் மாட்டியதும் திரை மறையும். பக்கவாட்டுப் பிராக்கெட் ஒன்று தனியாக வாங்க வேண்டும். பக்கவாட்டில் திறக்கும் திரையில் மைக் ஒயர் குறுக்கே வந்து இடிக்கும். வளைந்த பின் உள்ள ஒயர் இருந்தால் கொஞ்சம் நிம்மதி.

தெருக்கூத்து எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முகவீணையும் மிருதங்கமும் சேரும்போது, சத்த அளவைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ லெவலில் விட்டால் சத்தம் பிளந்துவிடும். மெனுவில் சவுண்டை மேனுவலுக்கு மாற்றி, மிக உரத்த இடத்தில் மீட்டர் முள் கழித்தல் 12 டெசிபல் பக்கம் வரும்படி குறைத்து வையுங்கள்.

*கூடச் செலவு:* அநேகமாகப் பெட்டியோடு முடியும். திரை மறைந்தால் மட்டும் பிராக்கெட்.

## 3. ஒயர்லெஸ்

எல்லோருக்கும் ஆசை இதன் மேல்தான். சட்டையில் ஒரு பொத்தான், கேமராவில் ஒரு பொத்தான், ஒயரே இல்லை. மூவாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை நீளும். ஹோலிலேண்ட் லார்க் எம்2-வில் சட்டையில் மாட்டும் துண்டு 9 கிராம், டிஜேஐ மைக் மினியில் 10 கிராம். குரல் நேராகக் கேமராவிலேயே பதிவாகி, ஒரு சாண் தூரமும் நடக்கும் சுதந்திரமும் சேர்ந்து கிடைப்பது இங்கே மட்டும்தான். இரண்டு பேர் பேசினால் இரண்டு துண்டு. இதற்கு மாற்றே இல்லை.

கடையில் ஏமாறும் இடமும் இதுதான். முந்நூறு, ஐந்நூறுக்குத் தெருவுக்குத் தெரு விற்கும் கே8, கே9 வகை மைக்குகள் போனின் டைப்-சி துளைக்கானவை. அதைக் கேமராவின் டைப்-சி துளையில் சொருகிவிட்டு, "லைட் எரியுது, சவுண்ட் வரல" என்று போன் செய்வார்கள். வராது. நல்ல பிராண்டிலும் போனுக்கான பெட்டி வேறு, கேமராவுக்கான பெட்டி வேறு. இரண்டு கோட்டுப் பின் ஒயரும் கேமராவில் மாட்டும் ரிசீவரும் உள்ளே இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

முந்நூறு மீட்டர் போகும் என்று பெட்டியில் இருக்கும். அது நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. இவை ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். வைஃபையும் புளூடூத்தும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. போதாததற்கு மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அந்த அலையை விழுங்கிவிடும். மயானக் கொள்ளை அன்று பாலாற்றங்கரையில் ஒரு பூசாரியைப் பேச வைத்தேன். பத்தடி தூரம்தான். நடுவில் கூட்டம் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் வார்த்தை கத்தரித்த மாதிரி அறுந்தது. இப்போதெல்லாம் திருவிழா என்றால் ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே யாரும் வராதபடி ஒட்டியே நின்றுகொள்கிறேன்.

இரைச்சல் நீக்கும் பட்டன் இப்போது பலவற்றில் உண்டு. ஃபேன் சத்தத்துக்குக் குறைந்த அளவில் வைத்தால் உதவும். முழுசாக ஏற்றினால் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது போலாகும்.

*கூடச் செலவு:* உள்ளே அடைத்த பேட்டரி. கழற்றி மாற்ற முடியாது. சில வருஷம் போனால் தாங்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். அப்புறம் தொலைவது. பேட்டி கொடுத்தவர் சட்டையிலேயே மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறப் போனவரை மூன்றாவது பிளாட்பாரம் வரை ஓடிப் பிடித்திருக்கிறேன்.

## 4. கேமராவை விட்டுவிட்டுப் போனில் பதிவது

மைக் துளை இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. துளை இருப்பவர்களும் கேவலமாக நினைக்க வேண்டாம். ஒயர் காலர் மைக்கைப் போனில் சொருகி, ரெக்கார்டர் ஆப்பை ஓடவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கேமரா படத்தைப் பதியட்டும். ஆரம்பத்தில் கேமரா முன்னால் ஒரு தட்டு, கையைத் தட்டுங்கள். எடிட்டிங்கில் இரண்டு சத்தத்திலும் அந்தத் தட்டு ஊசி மாதிரி நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பொருந்திவிடும். நீளமாகப் பேசினால் முடிவிலும் தட்டுங்கள், ஏனென்றால் இரண்டு கருவியின் கடிகாரமும் மெல்ல மெல்ல விலகும்.

ஏரோபிளேன் மோடு போட மறக்காதீர்கள். நடுவில் லோன் வேண்டுமா என்று யாராவது கூப்பிட்டால் பதிவு நின்றுவிடும். 3.5 துளை இல்லாத போனுக்கு டைப்-சி மாற்றுப் பின் வேண்டும். அதிலும் மலிவானது சில போன்களில் வேலை செய்யாது. போனைக் கையில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

*உண்மையான செலவு* நேரம்தான். ஒவ்வொரு வீடியோத் துண்டுக்கும் சத்தத்தை உட்கார்ந்து ஒட்ட வேண்டும். வாரம் ஒரு வீடியோ போடுகிறவருக்குப் பரவாயில்லை. தினம் ஒன்று என்றால் பத்தாவது நாள் வெறுத்துவிடும்.

## ஒரு பார்வையில்

| வகை | சுமார் விலை (ரூ.) | வாயிலிருந்து தூரம் | தோதான இடம் | சொதப்பும் இடம் |
|---|---|---|---|---|
| ஒயர் காலர் | 700–1,000 | 1 சாண் | வீடு, சமையல், பேட்டி | நடை, கூட்டம் |
| கேமரா தலை மைக் | 1,500–6,000 | 3 சாணுக்குள் | கையில் பிடித்துப் பயணம் | ஸ்டாண்டில் தள்ளி, எக்கோ அறை |
| ஒயர்லெஸ் | 3,000–15,000 | 1 சாண் | நடந்து பேச்சு, இரண்டு பேர் | நெரிசல், சார்ஜ் மறந்த நாள் |
| காலர் மைக் + போன் | 700–1,500 | 1 சாண் | மைக் துளை இல்லாத கேமரா | தினசரி வீடியோ |

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ரொம்ப மலிவாகக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். பெயர் பெற்ற மைக்குக்கெல்லாம் போலி உண்டு. நானே ஒரு கடையில் பில் இல்லாமல் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஒன்றை வாங்கி, இரண்டாவது வாரம் தூக்கிப் போட்டேன். பில் இருந்தால்தான் வாரண்டி பேச முடியும்.

## என்னிடம் கேட்டால்

ஒரே ஒன்று வாங்கக் காசு இருக்கிறது, என்ன எடுப்பேன் என்றே இன்னும் தெரியாது என்பவருக்கு ஒயர் காலர் மைக்கைச் சொல்வேன். பிறகு வேறு எதற்கு மாறினாலும் அது பையில் கிடந்து ஆபத்துக்கு உதவும். கோட்டை, ஜவ்வாது மலை என்று கையில் கேமராவோடு சுற்றுகிறவருக்கு எம்எம்1 வகை போதும். அதைவிட மூன்று மடங்கு கொடுத்து ரோட் வாங்கினால் தரம் கூடும், ஆனால் மூன்று மடங்கு கூடாது. கடைக்காரர்களைப் பேச வைத்துச் சாப்பாட்டு வீடியோ போடுகிறவர் ஆறு மாதம் பொறுத்துக் காசு சேர்த்து இரண்டு துண்டு ஒயர்லெஸ்ஸாக வாங்குவது நல்லது. நடுவில் மலிவானது ஒன்றை வாங்கினால் இரண்டு தடவை செலவு.

அக்கா மகனுக்கு வருவோம். கடைசியில் வாயைத் திறந்தான். சத்துவாச்சாரி வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்கு வரலாறு நடத்தப்போகிறானாம். முதல் வீடியோ 1806 வேலூர்ப் புரட்சி. அதற்கு ரோட் மைக்கும் வேண்டாம், ஒயர்லெஸ்ஸும் வேண்டாம் என்று எம்1 ஒன்றை வாங்கிக் கொடுத்து, சுவிட்சைப் பற்றி மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்திருக்கிறது. ஒரே ஒரு தொல்லை. ஒவ்வொரு முறையும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறான். ஒரே சுவிட்ச் போர்டாம், பக்கத்து அறை ஃபேனும் சேர்ந்து நின்றுவிடுகிறது. "உன் மாமனை வந்து இங்கே ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லு" என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள். மே மாதத்து வேலூர். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.